நீலம் வந்த மத்தியானங்கள்

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, திரை முழுக்க நீலமாகிவிடும். எங்கள் வீட்டில் அதற்கு 'நீலம்' என்று பெயர். அப்பா வைத்த பெயர். "தம்பி, நீலம் வந்துடுச்சுப்பா" என்று முன்னறையிலிருந்து குரல் வரும். நான் எழுந்து போவதற்குள் திரையில் இருந்த சோக முகமும் எழுத்துகளும் மறைந்து, கணினி தானாகவே மறுபடி கிளம்பத் தொடங்கியிருக்கும். அப்பா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியாகச் சேமித்த பிறகு அடித்த பத்துப் பன்னிரண்டு வரிகள் போயிருக்கும்.

இது 2023 சித்திரையில், கும்பகோணத்தில். 2020 கடைசியில் உதிரிகளாக வாங்கி நானே பூட்டிய கணினி அது. நினைவகமாக 8 ஜிபி ரேம் இரண்டு, கோப்புகளைச் சேமிக்கும் வட்டாக ஒரு எஸ்எஸ்டி, இவற்றைப் பூட்டும் பலகையாக நடுத்தர விலையில் ஒரு மதர்போர்டு. இரண்டரை வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காவிரிப் பாசனப் பகுதியில் விவசாயிகள் புழங்கும் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். நாற்றங்கால், தாளடி, தலைமடை, கடைமடை, கண்டுமுதல், மரக்கால், போரடி என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், சொன்னவர் பெயர், ஊர், ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். பல வருடமாகக் குயர் நோட்டுகளில் எழுதி வைத்திருந்ததை, தமிழ்99 விசைப்பலகை பழகி, ஒவ்வொன்றாக அடித்து ஏற்றிக்கொண்டிருந்தார். 1,800 சொற்கள் ஏறியிருந்தபோதுதான் முதல் நீலம் வந்தது.

முதல் இரண்டு தடவை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவை கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு அந்த வாரம் வேலை நெருக்கடி. கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும் சார். ஃபார்மட் அடிச்சு புதுசா போட்டுடலாம்" என்றார். சரி என்றேன். அப்பாவின் கோப்புகளை மட்டும் முதலில் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் நன்றாக ஓடியது. நான்காம் நாள் மத்தியானம் மறுபடி நீலம்.

அந்த ஃபார்மட்டில் என்னென்ன போயிற்று என்பதை அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். அப்பா ஒரு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்த தானியங்கித் திருத்தப் பட்டியல் போயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு, முதல் மூன்று நீலங்களைப் பற்றிக் கணினி எழுதி வைத்திருந்த குறிப்புகள். நம் ஊரில் கணினியில் எந்தக் கோளாறு என்றாலும் ஃபார்மட் என்பது முதல் வைத்தியமாகிவிட்டது. காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் நோயாளியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கிழித்துப் போடுகிற வேலை அது. இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

ஏனென்றால், நீலத் திரை என்பது கணினி திடீரென்று செத்துப்போவது இல்லை. அது வேண்டுமென்றே நிறுத்திக்கொள்வது. இயங்குதளத்தின் நடு உறுப்பான கெர்னல், தன் கணக்கில் இருக்கவே முடியாத ஒன்றைப் பார்க்கிறது. வைத்த இடத்தில் வைத்த தகவல் இல்லை, அல்லது தொடக்கூடாத இடத்தை ஏதோ ஒன்று தொட்டிருக்கிறது. அந்த நிலையில் தொடர்ந்து ஓடினால் தப்பான தகவல் வட்டில் எழுதப்பட்டுவிடும். அதனால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தி, அந்த நொடியில் தனக்குத் தெரிந்ததை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. திரையில் சதவீதம் ஏறிக்கொண்டே போகிறதே, அது அந்த எழுதும் வேலைதான். 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 3.1-க்காக இந்தத் திரையை எழுதியவர் ஜான் வெர்ட் என்ற பொறியாளர். நீலத்தில் வெள்ளை எழுத்து என்பதற்குப் பின்னால் பெரிய காரணம் ஏதும் கிடையாது. அவர் வேலை செய்த கணினியின் தொடக்கத் திரையும் அவர் பயன்படுத்திய எடிட்டரும் அந்த நிறத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்கு முன்பே ஓரளவு தெரியும். தெரிந்தும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனதில் எனக்கு வருத்தம் உண்டு. இந்த முறை முறையாகச் செய்வது என்று உட்கார்ந்தேன்.

முதலில், தானாக மறுபடி கிளம்புவதை நிறுத்தினேன். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கம் போனால் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்று ஒன்று இருக்கும். அதற்குள் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால், நாம் பவர் பட்டனை அழுத்துகிற வரை திரை அப்படியே நிற்கும். அப்பாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, நீலம் வந்தால் தேதி, மணி, என்ன செய்துகொண்டிருந்தார், திரையில் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று எழுதச் சொன்னேன். வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை. கோடு போட்டு, பத்தி பிரித்து, ஆங்கிலக் குறியீட்டை ஒரு எழுத்து விடாமல் எழுதினார்.

பதினொரு நாளில் எட்டுப் பதிவு. 'மெமரி மேனேஜ்மென்ட்' மூன்று முறை, 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' இரண்டு முறை. 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்', 'கெர்னல் செக்யூரிட்டி செக் ஃபெயிலியர்', 'சிஸ்டம் சர்வீஸ் எக்ஸெப்ஷன்' ஒவ்வொரு முறை. அப்பாவுக்கு இதில் ஒரு வார்த்தையும் பொருள்படவில்லை. ஆனால் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: "ஒரே நோயா இருந்தா ஒரே மாதிரிதானே வரணும்? இது ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணு சொல்லுது."

நான் அதுவரை தேடிக்கொண்டிருந்தது அந்த ஒரு கேள்வியைத்தான். விண்டோஸ் போல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு போல்டர் இருக்கிறது. ஒவ்வொரு நீலத்துக்கும் ஒரு சிறு கோப்பு அதில் விழும். நிர்சாஃப்டின் ப்ளூஸ்க்ரீன்வியூ என்ற நிரலில் திறந்தால், எந்தக் கோப்பு ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தது என்று ஒரு பெயர் காட்டும். எல்லா முறையும் ஒரே டிரைவரின் (ஒரு வன்பொருளை இயக்கும் சிறு நிரலின்) பெயர் வந்தால் அந்த டிரைவரைப் பிடித்துக்கொள்ளலாம். பழையதற்குப் போகலாம், புதியது போடலாம், கழற்றி எறியலாம். எங்களுக்கு ஒரு நாள் கிராபிக்ஸ் டிரைவர், ஒரு நாள் கோப்பு முறைமை, ஒரு நாள் நெட்வொர்க், மற்ற நாளெல்லாம் கெர்னலே. கெர்னலின் பெயரைப் பார்த்துவிட்டு விண்டோஸ் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் பொருள் காணவில்லை என்று முதலில் கத்தியவனையே திருடன் என்று பிடிப்பது போன்றது அது. ஆளாளுக்குப் பெயர் மாறுகிறது, புதிதாகப் போட்ட விண்டோஸிலும் வருகிறது என்றால், அடியில் இருக்கிற ஏதோ ஒரு வன்பொருள்தான் எல்லோர் காலையும் வாரிக்கொண்டிருக்கிறது.

எந்த வன்பொருள்? நோட்டில் மணிப் பத்தியைப் பார்த்தேன். எட்டில் ஏழு, பகல் பன்னிரண்டுக்கும் நாலரைக்கும் நடுவில். சித்திரை வெயில், முன்னறையில் ஏசி கிடையாது. அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் மின்னழுத்தமும் இறங்கி ஏறும். இரண்டு சந்தேகம் ஒரே நேரத்தில் வந்து நின்றது.

மின்சாரச் சந்தேகம் சீக்கிரம் தீர்ந்தது. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும். கணினி ஒழுங்காக மூடப்படாமல் மறுபடி கிளம்பினால் விழுகிற பதிவு. அதன் விவரத்துக்குள் பக்செக் கோடு என்ற இடத்தில் 0 இருந்தால், கெர்னலுக்கு எதுவும் சொல்ல நேரமே கிடைக்கவில்லை என்று பொருள்: கரண்ட் போயிருக்கலாம், கணினிக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தடுமாறியிருக்கலாம், பெட்டி அப்படியே உறைந்துபோய் யாராவது பட்டனை அழுத்தி அணைத்திருக்கலாம். வேறு எண் இருந்தால் அது நீலம். எங்களுடைய எட்டிலும் எண் இருந்தது. யூபிஎஸ் பேட்டரியையும் சோதித்துவிட்டு அதை ஒதுக்கினேன்.

சூட்டுச் சந்தேகம்தான் என்னை இரண்டு வாரம் சுற்றவிட்டது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். கூலரில் தூசி பஞ்சு மாதிரி படிந்திருந்தது. அதைத் துடைத்து, பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது தடவி, ஒரு மேசை மின்விசிறியைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தேன். புராசஸர் வெப்பம் 80-க்கு மேல் போய்க்கொண்டிருந்தது 65-க்கு இறங்கியது. மூன்று நாள் நீலம் இல்லை. அப்பா இனிமேல் வராது என்று நம்பித் தொடர்ந்து இரண்டு மணி நேரம் அடித்தார். நான்காம் நாள் வந்தது. இதற்கு நடுவில் சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கட்டளையையும் ஓட்டினேன். கெட்டிருந்த கோப்புகளைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னது. ஒரு வாரம் கழித்து ஓட்டினால் மறுபடி வேறு கோப்புகள் கெட்டிருந்தன. அது எவ்வளவு பெரிய தடயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. எஸ்எஸ்டியின் ஆரோக்கியக் கணக்கு சுத்தமாக இருந்தது. வட்டு நன்றாக இருக்க, புது விண்டோஸில் கோப்புகள் கெட்டுக்கொண்டே வருகின்றன என்றால், வட்டுக்குப் போகிற வழியில்தான் எங்கோ கெடுகின்றன.

வழியில் இருப்பது ரேம். அதை நான் ஏற்கெனவே சோதித்துவிட்டேன் என்ற நினைப்பில்தான் விட்டிருந்தேன். விண்டோஸோடு வரும் மெமரி சோதனையை ஒரு ராத்திரி ஒரே ஒரு முறை ஓட்டி, பிழை இல்லை என்று வந்ததும் ரேமின் பெயரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்திருந்தேன். ஒரு சுற்றில் பிழை வரவில்லை என்பதற்கும் ரேம் நல்லது என்பதற்கும் வெகுதூரம். இந்த முறை மெம்டெஸ்ட்86+ இறக்கி, பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து கணினியைக் கிளப்பினேன். 1994-இல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86 என்ற நிரலிலிருந்து பிரிந்து வளர்ந்தது இது. இரண்டும் இன்றும் தனித்தனியாகக் கிடைக்கின்றன, பெயர்தான் குழப்பும். இது செய்கிற வேலையைச் சொன்னால் எளிது. நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வடிவத்தை எழுதும். திரும்பி வந்து எழுதியது அப்படியே இருக்கிறதா என்று படிக்கும். பிறகு 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றி எழுதி மறுபடி படிக்கும். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், பல வடிவங்களில்.

ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிகாலை வரை ஓடியது. ஒரு பிழைகூட இல்லை. நிறுத்தப் போனேன். அப்பா அந்த நேரத்தில் எழுந்து வந்து, நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "ராத்திரி எப்ப வந்திருக்கு? மத்தியானம்தானே வருது. மத்தியானம் ஓட்டிப் பாரு" என்றார்.

அப்படியே விட்டேன். ஒன்றே முக்கால் மணிக்கு, நீலப் பின்னணியில் வெள்ளை எண்களாகவே இருந்த அந்தத் திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு சிவப்பு வரி வந்தது. முகவரி ஒன்று, இருக்க வேண்டியது ஒன்று, இருந்தது ஒன்று. இரண்டு நீண்ட எண்களையும் விரல் வைத்து ஒப்பிட்டேன். ஒரே ஒரு இடத்தில் வித்தியாசம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வரி, கிட்டத்தட்ட அதே முகவரி, அதே இடம். மூன்று மணிக்குள் பதினேழு வரி. எல்லாவற்றிலும் 0 இருக்க வேண்டிய ஒரு பிட்டில் 1 இருந்தது.

16 ஜிபி ரேம் என்றால் ஏறக்குறைய 13,740 கோடி பிட். ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியும் அதைத் திறந்து மூடும் ஒரு டிரான்சிஸ்டரும். அந்தத் தேக்கியில் உள்ள மின்னூட்டம் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிநொடிக்குள் ஒவ்வொன்றையும் ஒரு முறை படித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். அத்தனை கோடியில் ஒன்று பலவீனமாகிவிட்டால், குளிர்ந்த நேரத்தில் அந்த 64 மில்லிநொடியை எப்படியோ தாக்குப்பிடித்துவிடும். சூடு ஏறினால் ஒழுக்கு கூடும், தாக்குப்பிடிக்காது. மத்தியானம் வந்ததற்கும், மின்விசிறி வைத்த மூன்று நாள் வராததற்கும் ஒரே விடை கிடைத்தது. சூடு என்று நான் பிடித்தது சரி. சூட்டில் தடுமாறியது எது என்பதைத்தான் தப்பாகப் பிடித்திருந்தேன்.

இதன் பிறகு செய்தது பொறுமை வேலை. முதலில், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்தேன். 3200 என்று விளம்பரப்படுத்தும் ரேம் பெரும்பாலும் அந்த வேகத்தில் ஓடுவது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான். பலருடைய நீலத்துக்கு அதுவே காரணம், அணைத்தாலே போதும். எங்களுக்குப் பிழை குறைந்தது, நிற்கவில்லை. இரண்டு ரேமும் சேர்ந்து ஓடும்போது முகவரியை வைத்து எது கெட்டது என்று சொல்ல முடியாது, தகவல் இரண்டிலும் மாற்றி மாற்றிப் பிரிந்து கிடக்கும். அதனால் கழற்றி, ஆளுக்கொரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினோம். அப்பா அதில் 'அ', 'ஆ' என்று எழுதினார்.

ரேமின் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லோரும் செய்கிற வேலை. அதை மட்டமாக நினைக்க வேண்டாம். வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்தபோது ரப்பரில் கறுப்பாகக் கோடு விழுந்தது. அழுக்கால் தொடர்பு விட்டுவிட்டு வரும் கேஸ்கள் நிறைய உண்டு, அவற்றுக்கு இது போதும். கேபினட்டின் இரும்பை ஒரு முறை தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும், துகள்களை ஊதித் தள்ள வேண்டும். 'ஆ'-வைத் தேய்த்து முதல் ஸ்லாட்டில் போட்டு மத்தியானம் ஓட்டினேன். பிழை. இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். பிழை. 'அ'-வை இரண்டு ஸ்லாட்டிலும் நாலு நாலு சுற்று ஓட்டினேன். சுத்தம். ஸ்லாட் நன்றாக இருக்கிறது, 'ஆ' கெட்டிருக்கிறது. இப்படி மாற்றி மாற்றிப் போடாமல் விட்டிருந்தால், மதர்போர்டைக் குறைசொல்லி இன்னும் சில ஆயிரம் செலவழித்திருப்போம். ரேமுக்குப் பல வருட உத்தரவாதம் இருந்ததால் சிவப்பு வரிகளின் புகைப்படத்தை அனுப்பி, மூன்று வாரத்தில் வேறொன்று வாங்கினோம். அதுவரை 'அ' ஒன்றோடு 8 ஜிபியில் ஓட்டினோம். அந்த மூன்று வாரத்தில் ஒரு நீலமும் இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பா கேட்டார்: "அது தப்பா ஞாபகம் வச்சுக்கிட்டப்ப நான் அடிச்சதெல்லாம் என்னாச்சு?"

இந்தக் கேள்வி என் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தக் கெட்ட பிட்டில் கெர்னலின் தகவல் விழுந்தால் நீலம் வரும், நமக்குத் தெரியும். அப்பாவின் எழுத்து விழுந்தால்? ஒன்றும் வராது. சத்தமில்லாமல் சேமிக்கப்பட்டுவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் யூனிகோடில் ர என்பது 2992, ற என்பது 2993. ல 2994, ள 2995. ந 2984, ன 2985. இந்த ஒவ்வொரு ஜோடியிலும் வித்தியாசம் கடைசி ஒரு பிட்தான். 0 இருந்தால் ர, அதே இடத்தில் 1 இருந்தால் ற. முப்பது வருடம் வகுப்பில் எந்த எழுத்துகளுக்காக அப்பா தொண்டை வற்றக் கத்தினாரோ, அதே எழுத்துகள் கணினிக்குள்ளும் ஒரு மயிரிழையில்தான் பிரிந்து நிற்கின்றன. சர்வர்களில் போடும் இசிசி ரேமில் 64 பிட்டுக்குக் கூடுதலாக 8 பிட் காவல் இருக்கும், ஒரு பிட் புரண்டால் அதுவே கண்டுபிடித்துத் திருத்திவிடும். வீட்டுக் கணினிகளுக்கும் அது வேண்டும் என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 தொடக்கத்தில் கடுமையாக வாதாடினார். அப்போது அதைப் படித்துவிட்டுக் கடந்துபோனேன். இப்போது அவர் பக்கம்தான் நான்.

பென்டிரைவ் நகல்களை எடுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு ஒன்றாக ஆறு இருந்தன. ஒன்று திறக்கவே இல்லை. டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு, அது பொருந்தவில்லை. மற்றவை திறந்தன. திறந்ததாலேயே உள்ளே எல்லாம் சரி என்று ஆகாது. ஆகவே முழுவதையும் அச்செடுத்தோம், 212 பக்கம். அப்பா குயர் நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் வரி வரியாக ஒப்பிட்டார். ஆனி முழுக்க அதே வேலை.

முப்பத்தெட்டுப் பிழை கண்டுபிடித்தார். முப்பத்தைந்தைத் தன்னுடையது என்று ஒத்துக்கொண்டார். மூன்றை மட்டும் சுழித்துத் தனித்தாளில் எழுதிக்கொண்டு வந்தார். மறக்கால். வாய்க்காள். னடவு.

"தமிழ்99-ல ர கீழ் வரிசையில இருக்கு, ற மேல் வரிசையில. விரல் தவறி விழற தூரமா அது?" என்றார். "அதை விடு. ன-வில ஒரு சொல் தொடங்குமா தமிழ்ல? தூக்கத்திலகூட நான் அப்படி அடிக்க மாட்டேன்."

மூன்றிலும் 0 இருக்க வேண்டிய இடத்தில் 1. ரேம்தான் செய்தது என்று நிரூபிக்க என்னிடம் வழியில்லை. நான் அப்பாவை நம்புகிறேன்.

மூன்றையும் அவரே திருத்தினார். நீலக் கணக்கு எழுதிய நாற்பது பக்க நோட்டில் ஆறு பக்கம்தான் தீர்ந்திருந்தது. மீதியை எனக்குத் திருப்பித் தரவில்லை. ஏழாம் பக்கத்தில் அதே கோடு, அதே பத்திகள். முதல் பத்தியில் தேதி இருந்த இடத்தில் இப்போது சொல் இருக்கிறது: மடைமாற்றம், மண்வெட்டிக் கூலி, மரக்கால்.